பெருந்தொற்றுக்கு யார் பொறுப்பு? பிரித்தானிய விசாரணையும் நாங்கள் கேட்காத கேள்விகளும்

2023 நவம்பர் தொடக்கத்தில் இணையத்தளம் ஒன்றுக்கு ஒரு செய்தி எழுதிக் கொடுத்தேன். பிரித்தானியாவின் கொவிட் விசாரணையில் வெளிவந்த வட்ஸ்அப் தகவல்கள் பற்றியது. பிரதமராக இருந்த பொரிஸ் ஜோன்சனின் ஆலோசகர் டொமினிக் கமிங்ஸ், அமைச்சர்களை எந்தெந்தக் கெட்ட வார்த்தைகளால் திட்டினார் என்பதுதான் அதன் சாரம். நிறையப் பேர் வாசித்தார்கள். சில நாள் கழித்து நெல்லியடிச் சந்தையடியில் கண்ட அயல்வீட்டு மாமி கேட்டார்: "பிள்ளை, அவை ஆளையாள் பேசினதெல்லாம் போட்டிருக்கிறியள். என்ர தம்பி லண்டனில ஏன் செத்தவன் எண்டு அதில ஒண்டும் இல்லையே?"

அவருடைய தம்பி 2020 ஏப்ரலில் லண்டன் வைத்தியசாலை ஒன்றில் இறந்தவர். ஈமக்கிரியையை மாமி கைத்தொலைபேசியில்தான் பார்த்தார். அவருடைய கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய அமர்வுகள் சில மாதங்களுக்கு முன்னரே முடிந்துவிட்டிருந்தன. நான் அவற்றில் ஒன்றைக்கூடப் பார்த்திருக்கவில்லை.

நீதிபதி ஹெதர் ஹலெட் தலைமையிலான இந்த விசாரணை பல பகுதிகளாக நடக்கிறது. முதற்பகுதி, பெருந்தொற்றுக்கு நாடு எவ்வளவு தயாராக இருந்தது என்பது. அதன் பகிரங்க அமர்வுகள் 2023 ஜூன் 13 முதல் ஜூலை வரை நடந்தன. அதில் வசவுகள் இல்லை. திட்ட ஆவணங்கள், ஒத்திகைகளின் அறிக்கைகள், யார் யாருக்கு எப்போது கடிதம் எழுதினார்கள் என்ற விபரங்கள்தான். கமிங்ஸும் ஜோன்சனும் சாட்சியமளித்தது அதற்குப் பின், இரண்டாம் பகுதியில். உலக ஊடகங்களின் கமராக்கள் அங்கேதான் குவிந்தன.

முதற்பகுதியின் அறிக்கை 2024 ஜூலை 18 அன்று வெளிவந்தது. தவறான பெருந்தொற்றுக்கு நாடு தயாராகியிருந்தது என்பது அதன் முக்கியமான முடிவு. 2011 இல் எழுதப்பட்ட திட்டம் இன்புளுவன்சாவை மனதில் வைத்தது. நோய் பரவும் என்று ஏற்றுக்கொண்டு, இறப்புகளை எப்படிச் சமாளிப்பது என்று அது யோசித்தது. பரவலைத் தடுப்பது பற்றி மிகக் குறைவாகவே யோசித்தது. 2016 இல் 'சிக்னஸ்' என்ற பெயரில் ஓர் ஒத்திகை நடந்தது. அதில் தெரிந்த குறைகள் எழுதப்பட்டன, திருத்தப்படவில்லை. இத்தனைக்கும் 2019 இல் வெளியான உலக சுகாதாரப் பாதுகாப்புச் சுட்டியில் பிரித்தானியாவுக்கு இரண்டாம் இடம். சிறுபான்மை இனத்தவர், வறியவர், ஏற்கனவே நோயுள்ளவர் ஆகியோருக்குப் பாதிப்பு கூடுதலாக இருக்கும் என்பதையும் திட்டமிட்டவர்கள் போதியளவு கணக்கில் எடுக்கவில்லை. மாமியின் தம்பி போன்றவர்கள் வருவது இங்கேதான்.

அப்படியானால் வட்ஸ்அப் செய்திகள் வெறும் கிசுகிசுவா? ஊடகக் கற்கை படித்த நண்பர்களுடன் இதைப் பற்றி நிறைய வாதாடியிருக்கிறேன். அப்படி ஒதுக்கிவிட முடியாது என்பதே என் எண்ணம். அந்தத் தகவல்களை மறைக்காமல் கொடுக்க மறுத்து அரசாங்கமே உயர் நீதிமன்றம் போய், 2023 ஜூலையில் தோற்றது. 2025 நவம்பர் 20 அன்று வந்த இரண்டாம் பகுதி அறிக்கையும் பிரதமர் அலுவலகத்தில் நச்சுத்தன்மையான, குழப்பமான சூழல் இருந்தது என்று பதிவுசெய்தது. வசவு செய்திதான். ஆனால் வசவோடு செய்தி முடிந்துவிட்டது என்பதே பிழை.

அதே அறிக்கையில் இன்னோர் உதாரணம் உண்டு. ஒரு வாரம் முந்தி முடக்கியிருந்தால் இங்கிலாந்தில் முதல் அலையில் சுமார் 23,000 பேர் இறந்திருக்கமாட்டார்கள் என்ற எண் எல்லாத் தலைப்புகளிலும் வந்தது. அது கணித மாதிரி ஒன்றின் மதிப்பீடு. சில பத்திரிகைகள் அந்த மாதிரியைத் தாக்கின. 190 மில்லியன் பவுணுக்கு மேல் செலவழித்து இதுதானா என்றும், சுவீடனின் ஆணைக்குழு 2022 பெப்ரவரியிலேயே வேலையை முடித்துவிட்டதே என்றும் கேட்டன. செலவு பற்றிய கேள்வி நியாயமானது. ஆனால் இந்தச் சண்டையில் அறிக்கையின் மற்றொரு வரி காணாமல் போனது: நோயாளரைத் தனிமைப்படுத்துவது போன்ற நடவடிக்கைகள் முன்கூட்டியே எடுக்கப்பட்டிருந்தால், முடக்கமே தேவைப்படாமல் போயிருக்கலாம். தயார்நிலை என்பதன் அர்த்தம் அதுதான்.

இதையெல்லாம் மாமிக்குத் தமிழில் விளங்கப்படுத்தினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "இஞ்ச ஆரும் இப்பிடிக் கேட்டவையோ?"

கேட்கவில்லை. இலங்கையில் இப்படியொரு பகிரங்க விசாரணை நடக்கவில்லை. ஆணைக்குழு என்றாலே எங்கள் சனத்துக்கு வரும் சலிப்பும் எனக்குத் தெரியும். பிரித்தானிய விசாரணையும் யாரையும் தண்டிக்காது. 2005 ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு அந்த அதிகாரம் இல்லை. ஆனால் அமர்வுகளை யூடியூபில் பார்க்கலாம், ஆவணங்களை இணையத்தில் வாசிக்கலாம், உறவுகளை இழந்தோரின் அமைப்புகளுக்குச் சட்டத்தரணிகள் இருந்தார்கள். இங்கே உடலாகம ஆணைக்குழுவின் அறிக்கை 2009 இல் முடிந்து, 2015 இல்தான் வெளியே வந்தது. 2010 இல் நல்லிணக்க ஆணைக்குழு வடக்கில் அமர்ந்தபோது, அங்கு போக பிபிசிக்கே அனுமதி மறுக்கப்பட்டது. பார்க்க விடாத விசாரணையைப் பற்றி எப்படி எழுதுவது?

ஆனாலும் பழியை முழுக்க அரசின் மேல் போட்டுத் தப்ப முடியாது. 2020 மார்ச் 15 அரியாலை ஆராதனையை நினைத்துப் பாருங்கள். சுவிஸில் இருந்து வந்த போதகர் ஒருவரின் பெயரையும் படத்தையும் வாரக்கணக்கில் போட்டோம். ஐரோப்பாவில் தொற்று பரவிக்கொண்டிருந்தபோது, அங்கிருந்து வருவோருக்கு விமான நிலையத்தில் என்ன ஏற்பாடு இருந்தது என்று எத்தனை பேர் கேட்டோம்? பரிசோதனைக்கு மாதிரிகளை ஏன் வெளிமாவட்டத்துக்கு அனுப்பவேண்டியிருந்தது? யாழ். மருத்துவ பீடத்தின் ஆய்வுகூடம் ஏப்ரலில் பரிசோதனையைத் தொடங்கியபோது நிம்மதியாக எழுதினோம். அதுவரை ஏன் இல்லை என்று எழுதவில்லை. பயமும் இருந்தது. அதிகாரிகளை விமர்சிப்போர் கைதுசெய்யப்படுவர் என்று ஏப்ரல் 1 அன்று பொலிஸ் அறிவித்திருந்தது.

கேட்கவேண்டியவை இன்னும் கிடக்கின்றன. 1897 ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் சட்டத்தை வைத்துக்கொண்டு 2020 இல் நாட்டை நடத்தியது ஏன்? அமெரிக்கா அந்த ஆண்டு பெப்ரவரியில் பயணத்தடை விதித்த இராணுவத் தளபதியை, மார்ச்சில் கொவிட் தடுப்புச் செயற்பாட்டு மையத்தின் தலைவராக்கியது எந்தத் திட்டத்தின்படி? உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்ற பின்னரும், 2021 பெப்ரவரி வரை முஸ்லிம்களின் உடல்களை எரிக்கச் சொன்ன நிபுணர்கள் என்ன எழுதிக் கொடுத்தார்கள்? அமைச்சரவை 2024 ஜூலையில் மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. அந்தக் கேள்விக்கு மன்னிப்பு பதில் ஆகாது. எங்கள் நினைவேந்தல்களைத் தடுக்க நீதிமன்றங்களில் பொலிஸார் காட்டிய காரணங்களில் தனிமைப்படுத்தல் விதியும் ஒன்று. அதைச் சிபாரிசு செய்தது சுகாதாரப் பிரிவா, பாதுகாப்புப் பிரிவா?

இவற்றில் பலவற்றுக்கு ஆணைக்குழு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தக் குடிமகனும் எழுதிக் கேட்கலாம். கேட்டதைப் பெற்றதற்குப் பற்றுச்சீட்டுத் தரவேண்டும், மறுத்தால் காரணம் சொல்லவேண்டும். முதலில் எழுதப்போவது சுகாதார அமைச்சுக்கு: 2020 ஜனவரியில் கையில் இருந்த பெருந்தொற்றுத் திட்டத்தின் பிரதியும், வடமாகாணத்தில் அதற்காக நடந்த ஒத்திகைகளின் திகதிகளும் வேண்டும் என்று.