வேனுக்குள் விளக்கு எரியவில்லையா?

பவுர்ணமி தோறும் திருவண்ணாமலைக்கு ஏராளமான வண்டிகள் வருகின்றன. ஊருக்குள் நிறுத்த இடம் கிடைப்பது இல்லை. ஊர் எல்லையிலேயே வேன்கள் வரிசையாக நின்று விடுகின்றன.

மலையைச் சுற்றும் பாதை 14 கிலோ மீட்டர். செருப்பு இல்லாமல், குழந்தை குட்டிகளோடு நடந்து முடிக்க நாலைந்து மணி நேரம் ஆகிவிடும். திரும்பி வருகிறவர்களுக்கு அந்த வேன்தான் வீடு. அதற்குள்தான் கட்டுச்சோறு. அதற்குள்தான் தூக்கம்.

அந்த நேரம் பார்த்து உள்ளே விளக்கு எரியாவிட்டால்? பாட்டிக்கு எந்த மாத்திரை என்று தெரியாது. கைக்குழந்தையின் பால் புட்டி அகப்படாது.

"பல்பு போய்விட்டது" என்று உடனே சொல்லி விடுவார்கள். பல சமயங்களில் பல்பின் மேல் குற்றமே இருக்காது!

எங்கே கோளாறு?

ஒரு விளக்கு மட்டும் எரியவில்லையா? எல்லா விளக்குமே எரியவில்லையா? முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

ஒன்று மட்டும் என்றால், அநேகமாக அந்த விளக்குக் கூட்டுக்குள்தான் கோளாறு. அந்த விளக்குக்கு உரிய பியூசை எடுத்துவிட்டு, மூடியைக் கழற்றிப் பார்க்கலாம். பல்பின் இழை அறுந்திருந்தால் புது பல்பு போட வேண்டும். இழை சரியாக இருந்தால், பல்பைப் பிடித்திருக்கும் தகட்டைப் பார்க்க வேண்டும். கூரையில் உள்ள திருகாணி ஓட்டை வழியே மழைத் தண்ணீர் கசிந்து, தகட்டில் பச்சையாகக் களிம்பு ஏறி இருக்கும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தாலே சில விளக்குகள் எரிந்துவிடும்.

பள்ளத்தில் இறங்கும்போது விளக்கு கண் சிமிட்டுகிறதா? அப்போது "எர்த்" சரியில்லையா என்று பார்க்க வேண்டும். வண்டியில் மின்சாரம் விளக்குக்குப் போக ஒயர் உண்டு. திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் வண்டியின் இரும்பு உடம்பே ஒயர். அந்த இரும்போடு சேரும் இடத்தில் துரு பிடித்தால் விளக்கு மங்கும்.

சிகரெட் தாள் வைத்தியம்

எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்தால் பியூசைப் பார்க்க வேண்டும். அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால், ஒயரைக் காப்பாற்றுவதற்காக பியூஸ் தன்னையே எரித்துக் கொள்கிறது.

அந்த இடத்தில் சிலர் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிச் செருகி விடுகிறார்கள். விளக்கு எரியும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது! எங்கோ ஒயர் உரசி இரும்பைத் தொட்டிருந்தால், இனி எரியப்போவது பியூஸ் அல்ல, ஒயர். அது ஓடுவது கூரைக்குள், ரெக்சினுக்கும் பஞ்சுக்கும் நடுவே. கீழே குடும்பமே தூங்கிக் கொண்டிருக்கும்.

10 ஆம்பியர் பியூஸ் சிவப்பு நிறம். 15 நீலம். 20 மஞ்சள். சிவப்பு இருந்த இடத்தில் சிவப்புதான் போட வேண்டும். போட்டதும் மறுபடி போய்விட்டால், அன்று இரவு டார்ச் விளக்கே போதும். காலையில் ஆட்டோ எலக்ட்ரீசியன் பார்த்துக் கொள்வார்.

புது விளக்கு

இப்போது எல்.இ.டி. விளக்குகள் வந்து விட்டன. இதற்கு வழிகாட்டிய நீல நிற எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

வாங்கும்போது வோல்ட் பார்க்க வேண்டும். வேன்களில் பெரும்பாலும் 12 வோல்ட். பெரிய பஸ்களில் இரண்டு பாட்டரி சேர்த்து 24 வோல்ட். 12 வோல்ட் விளக்கை அங்கே மாட்டினால் கருகிவிடும். இன்னொன்று: எல்.இ.டி.யில் மின்சாரம் ஒரு திசையில்தான் பாயும். மாட்டியதும் எரியவில்லை என்றால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். முனையை மாற்றிப் போட்டால் எரியக்கூடும்.

இதில் லாபமும் உண்டு. 10 வாட் பழைய பல்பு நான்கு, இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரை எரிந்தால், 60 ஆம்பியர்-மணி பாட்டரியில் ஏறக்குறைய பாதியைக் குடித்துவிடும். 2 வாட் எல்.இ.டி. நான்கு, அதே நேரத்தில் ஐந்தாறு ஆம்பியர்-மணியோடு நின்றுவிடும். பழைய பாட்டரியும் பழைய பல்புமாக வந்தவர்கள், விடிந்ததும் பக்கத்து வேன் டிரைவரிடம் கேபிள் கேட்டு அலைய வேண்டியிருக்கும்.