கறுப்புத் தித்திப்பு – 17: மன்ஹாட்டனில் மணத்த வெந்தயம்

போன வாரம் கனாஷில் நிறுத்தினோம். சூடான க்ரீமைச் சாக்லேட் துண்டுகள் மேல் ஊற்றிக் கலக்கினால் வரும் குழைவு. அதை உருட்டி கோகோ தூளில் புரட்டினால் ட்ரஃபிள். விட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளட்டும், எனக்கு இடம் போதாது. இந்த வாரம் இலையுதிர்கால ட்ரஃபிள்கள் என்று சொல்லியிருந்தேன். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். நடுவில் வெந்தயம் புகுந்துவிட்டது.

ஏன் இலையுதிர்காலம் என்பதை மட்டும் முதலில் முடித்துவிடுகிறேன். எல்லாம் வெயில் செய்கிற வேலை. நல்ல சாக்லேட் 34 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே உருகிவிடும். ஜூலை, ஆகஸ்டில் கூரியரில் போட்டால் பெட்டிக்குள் கூழ்தான் போய்ச் சேரும். அதனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிறிய சாக்லேட் கடைகள் பல கோடையில் வெளியூருக்கு அனுப்புவதைக் குறைத்துக்கொள்ளும், இல்லையென்றால் ஐஸ் பொதிக்குத் தனியாகக் காசு கேட்கும். செப்டம்பரில் காற்று குளிர்ந்ததும் வியாபாரம் சூடு பிடிக்கும். அக்டோபர் கடைசியில் பாரிஸில் பெரிய சாக்லேட் கண்காட்சி, பிறகு கிறிஸ்துமஸ் வரை மூச்சுவிட நேரம் இருக்காது. க்ரீம் சேர்த்த ட்ரஃபிளை ஓரிரு வாரத்துக்கு மேல் வைத்து விற்க முடியாது. கடைக்காரருக்கு அதுவும் சௌகரியம்தான். கொஞ்சமாகப் போட்டு, விற்றுத் தீர்த்து, அடுத்த மாதம் வேறு சுவைக்குத் தாவிவிடலாம்.

அமெரிக்காவில் அப்படித் தாவும் முதல் சுவை பூசணி. பூசணி பெரும்பாலும் பேருக்குத்தான். மணம் முழுக்கப் பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு, ஆல்ஸ்பைஸ். மெக்கார்மிக் நிறுவனம் 1934இல் இந்தக் கலவையைப் பூசணிப் பை மசாலா என்று டப்பாவில் அடைத்தது. 2003இல் ஸ்டார்பக்ஸ் அதைக் காபியில் கலந்தது. இப்போது அமெரிக்க அக்டோபருக்கே அந்த வாசனைதான். இந்த மசாலாக்களில் ஒன்றுகூட இலை கொட்டிப் பனி விழும் ஊரில் விளைவதில்லை. எல்லாம் வேர்த்து விறுவிறுக்கும் நாடுகளின் சரக்கு.

மேப்பிள் கதை இன்னும் வேடிக்கை. இலை சிவப்பது அக்டோபரில். மரத்தில் துளையிட்டு நீர் இறக்குவதோ பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, இரவு உறைந்து பகலில் இளகும் நாட்களில். ஏறக்குறைய 40 லிட்டர் நீரைச் சுண்டக் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு கிடைக்கும். வசந்தத்தின் வாசலில் இறங்குகிற பாகு, இலையின் அழகால் இலையுதிர்காலக் கணக்கில் ஏறிவிட்டது. மேப்பிள் ட்ரஃபிளைப் பற்றி இதற்கு மேல் எனக்கு ஆர்வம் இல்லை.

காளானைப் பற்றி உண்டு. வடக்குக் கலிபோர்னியாவின் கடலோரக் காடுகளில் மழை விழுந்ததும் 'கேண்டி கேப்' என்றொரு காளான் முளைக்கும். ஆரஞ்சும் பழுப்பும் கலந்த சின்னக் குடை. பறித்த கையோடு முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. காயப்போட்டால் வீடு முழுக்க மேப்பிள் பாகு மணக்கும். ஃபோர்ட் ப்ராக் ஊரில் இதில் ஐஸ்க்ரீம்கூடப் போடுகிறார்கள். ட்ரஃபிளுக்கு என்றால் காய்ந்த காளானைப் பொடித்து, சூடான க்ரீமில் ஊறவைத்து, வடிகட்டி, சாக்லேட்டில் ஊற்ற வேண்டும். வடிகட்டாவிட்டால் நாக்கில் நறநறவென்று அகப்படும். மண்ணோடு தோண்டியெடுத்த ட்ரஃபிள் காளானைப் போல இருப்பதால் அந்தப் பெயரை வாங்கிய மிட்டாய், கடைசியில் நிஜக் காளானையே வயிற்றில் வாங்கிக்கொண்டது.

பச்சையில் இல்லாத மணம் காய்ந்ததும் எங்கிருந்து வருகிறது? ஹம்போல்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் வுட்டும் அவருடைய குழுவினரும் 2012இல் விடை சொன்னார்கள். பச்சைக் காளானில் க்வாபாலாக்டோன் என்ற பொருள் இருக்கிறது. உலரும்போது அது நீரோடு வினைபுரிந்து சொடோலானாக மாறுகிறது.

இந்தச் சொடோலான் நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது. வெந்தயத்தை மணக்க வைப்பது இதுதான். துளியூண்டு இருந்தால் மேப்பிள், கருகிய சர்க்கரை. அளவு கூடினால் குழம்பு. மேல்நாட்டில் செயற்கை மேப்பிள் எசென்ஸுக்கு வெந்தயச் சாறு சேர்க்கிறார்கள். வெறும் வாணலியில் வறுத்துப் பாருங்கள். விதை தேன் நிறத்துக்குத் திரும்பி, முதல் 'படக்' கேட்கும்போது ஒரு டாஃபி வாடை எழுந்து அடங்கும். ஒரு நிமிஷம் அசந்தால் வெறும் கசப்புதான்.

இனி இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத சமாச்சாரம். 2005 அக்டோபர் 27, வியாழக்கிழமை இரவு. நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதி முழுக்க மேப்பிள் பாகு வாசனை. இரட்டைக் கோபுரங்கள் விழுந்து நான்கு வருஷம்தான் ஆகியிருந்தது. ஊரே பயந்த ஊர். இனிப்பாக மணக்கும் விஷவாயுவோ என்று மாநகராட்சிக்குப் போன் மேல் போன். காற்றைச் சோதித்தார்கள், கெடுதலாக எதுவும் இல்லை. மறுநாள் வாசனையும் இல்லை. ஆனால் அது போகவில்லை. மாதக்கணக்கில் காணாமல் போகும், திடீரென்று ஒரு நாள் தெருவில் வந்து நிற்கும். ஜனங்களும் பழகிப்போய், தோசைக்கடையைக் கடப்பவர் மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நடந்தார்கள்.

2009இல்தான் முடிச்சு அவிழ்ந்தது. யார், எங்கிருந்து, எத்தனை மணிக்குப் புகார் செய்தார்கள் என்று வரைபடத்தில் புள்ளி வைத்தார்கள். அந்த நேரத்துக் காற்று எந்தத் திசை என்று ஒப்பிட்டார்கள். காற்று வந்த வழியே பின்னால் போனால், ஹட்சன் ஆற்றுக்கு அக்கரையில், நியூ ஜெர்சியின் நார்த் பெர்கனில் ஒரு வாசனைப் பொருள் தொழிற்சாலை. உள்ளே வெந்தயம் அரைபட்டுக்கொண்டிருந்தது. பிப்ரவரி 5 அன்று மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க் பத்திரிகையாளர்களைக் கூட்டி வைத்து இதை அறிவித்தார். உலகத்தின் பெரிய நகரம் ஒன்றை மூன்று வருஷத்துக்கு மேல் அலைக்கழித்தது சாட்சாத் நம் வெந்தயம். எனக்கு இதில் ஏன் இவ்வளவு பெருமை என்று கேட்காதீர்கள்.

வெந்தயம் நிறையச் சாப்பிட்டால் வியர்வையும் இப்படி மணக்கும். பிறந்த குழந்தையின் சிறுநீர் மேப்பிள் பாகு போல மணக்கும் கொடிய பரம்பரை நோய் ஒன்று 1954இல் பதிவானது. அதிலும் மணப்பது சொடோலான்தான். தாய் வெந்தய டீ குடித்ததால், நோயே இல்லாத குழந்தைக்கு இந்த நோயோ என்று மருத்துவர்கள் கவலைப்பட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் உண்டு.

எங்கேயோ போய்விட்டேன். ட்ரஃபிள். 1998இல் சிகாகோவில் 'வோஜ்' சாக்லேட் நிறுவனத்தைத் தொடங்கிய கத்ரீனா மார்கோஃபின் முதல் புகழ்பெற்ற ட்ரஃபிளுக்குப் பெயர் 'நாகா'. நாகர்களின் மணிமாலை ஒன்றைப் பார்த்துப் பிறந்த யோசனையாம். பால் சாக்லேட், தேங்காய், கறிப்பொடி. நாகர்களுக்கும் கறிப்பொடிக்கும் என்ன சம்பந்தம் என்று நாகாலாந்துக்காரர் யாராவது அவரிடம் கேட்டிருக்க வேண்டும். ஆனால் சேர்க்கை சரி. மேல்நாட்டுக் கறிப்பொடியில் வெந்தயம் தவறாமல் இருக்கும். அதன் டாஃபி வாடை பால் சாக்லேட்டோடு ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும்.

நானும் வறுத்த வெந்தயத்தை க்ரீமில் ஊறவைத்தேன். கூடத்திலிருந்து குரல் வந்தது. "அடுப்புல என்னங்க, வத்தக்குழம்பா?" உருட்டி, ஃப்ரிட்ஜில் இறுகவிட்டு, கோகோ தூளில் புரட்டிக் கொடுத்தேன். முதலில் டாஃபி, விழுங்கியபின் அடிநாக்கில் லேசான கசப்பு. கறுப்புச் சாக்லேட்டின் கசப்போடு அது முட்டிக்கொள்ளவில்லை. மனைவி இரண்டாவதை எடுத்தபடி, "ஒரு கல் உப்பு போட்டிருக்கலாம்" என்றாள். வாயில் இருந்ததை மென்றபடி நானும் தலையாட்டினேன்.

கஷ்கொட்டை ட்ரஃபிளும் ஜப்பானியர்களின் இலையுதிர்காலச் சேர்மானங்களும் இன்றைக்கே வந்திருக்க வேண்டும். பக்கம் மூடப்போகிறது என்று ஆசிரியர் இலாகாவிலிருந்து மறுபடி போன். அடுத்த வாரம் பிரான்ஸின் ப்ரிவாஸ் ஊருக்குப் போவோம். 1882இல் அங்கே கஷ்கொட்டையை முழுசாகச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து விற்கத் தொடங்கினார் க்ளெமான் ஃபோஜியே. பாதி உடைந்து போனது. உடைந்ததை வைத்து 1885இல் அவர் என்ன செய்தார் என்பதுதான் கதை.

(தொடரும்)