விடும் வழி: அழுத்தக் கலன்களும் அவற்றின் பெயர்களும்

நீரைக் கொதிக்கவைக்கும் மூடிய கலன் எதுவாயினும், அதை வடிவமைப்பவர் இரண்டு வினாக்களுக்கு விடை கூறியாக வேண்டும். எவ்வளவு அழுத்தத்தை அது தாங்கும் என்பது முதல் வினா. தாங்கவியலா நிலை வந்துற்றால் எந்த இடத்தில், எந்தத் திசையில் அது விட்டுக்கொடுக்கும் என்பது இரண்டாவது. முதல் வினாவுக்கான விடை உலோகத்தின் வலிமையிலும் தடிப்பிலும் கிடைத்துவிடும். இவ்வுரை இரண்டாவதைப் பற்றியது. பொறியியலாளர் நிகழ்த்த வேண்டிய உரையை மொழியியலாளன் ஏன் எடுத்துக்கொண்டான் என அவையோர் வினவக்கூடும். காரணம் உண்டு, அது சற்றுப் பின்னால் வரும்.

நம் வீட்டுக் குக்கரையே எடுத்துக்கொள்வோம். வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் மிகுதியான அழுத்தத்தில் அது இயங்குகிறது. அந்நிலையில் நீர் 100 பாகையில் கொதிப்பதில்லை. ஏறத்தாழ 120 பாகை செல்சியசில் கொதிக்கிறது. பருப்பு விரைந்து வேகக் காரணம் இதுவே. மூடி திடீரெனப் பெயர்ந்துவிட்டால், 120 பாகையில் உள்ள நீர் வெளிக்காற்றில் நீராகவே நீடிக்க இயலாது. உள்ளே 2 லிட்டர் நீர் இருப்பின் அதில் ஏறத்தாழ 75 கிராம் நொடிப்பொழுதில் ஆவியாகி, 125 லிட்டர் அளவுக்கு விரியும். 200 லிட்டர் எண்ணெய்த் தோம்பில் பாதிக்கு மேல் நிரப்பும் அளவு அது. எஞ்சிய கொதிநீரை நாற்புறமும் வாரியிறைப்பதும் அந்த ஆவியே.

இதற்கு முதன்முதலில் வழிகண்டவர் டெனி பாப்பன் என்னும் பிரெஞ்சுக்காரர். எலும்பையும் மென்மையாக்கும் அழுத்தக் கலன் ஒன்றை அவர் 1679இல் லண்டன் அரச கழகத்தார்க்குக் காட்டினார். கலனில் சிறு துளையிட்டு, அத்துளையை அடைக்கும் அடைப்பானை ஒரு நெம்புகோலும் எடைக்கல்லும் அழுத்திப் பிடிக்கும்படி அமைத்தார். ஆவியின் உந்துதல் எடையை விஞ்சும்போது அடைப்பான் எழும். மிகையான ஆவி வெளியேறும். பின் தானே அமரும். குக்கரின் தலையில் இன்றும் அமர்ந்திருப்பது பாப்பனின் எடைக்கல்லே. நெம்புகோல் மட்டும் இல்லை. இதன் கணக்கு எளிது. துளையின் விட்டம் 3 மில்லிமீட்டர் எனில் அதன் பரப்பு ஏறத்தாழ 7 சதுர மில்லிமீட்டர். மேற்சொன்ன அழுத்தத்தில் ஆவி அத்துளை வழியே 70 கிராம் எடையைத் தூக்கும். ஆகவே 70 கிராம் எடை வைத்தால் போதும். அதன்மேல் இன்னொரு 70 கிராமை வைப்பவர் கலனின் அழுத்தத்தை இருமடங்காக்கிவிடுகிறார்.

வைப்பார்களா என்று கேட்க வேண்டியதில்லை, வைத்திருக்கிறார்கள். நீராவி எந்திரக் காலத்தில், கூடுதல் விசை வேண்டி இயக்குநர்கள் பாதுகாப்பு வால்வை இறுக்கிக் கட்டியதும், அதன்மேல் கூடுதல் எடை ஏற்றியதும் பல கொதிகலன்களை வெடிக்கச் செய்தன. 1855 அளவில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர், இயக்குநர் கைவைத்து இறுக்க இயலாத வில்சுருள் வால்வை ரயில் எந்திரங்களுக்கென வடிவமைத்தார்.

ஏறத்தாழ இதே சிக்கல், வேறு உருவில், நம்மவர் சமையலறைக்கும் வந்தது. சென்னையில் 1928இல் டி.டி. கிருஷ்ணமாச்சாரி தொடங்கிய குழுமத்தைச் சேர்ந்தது டி.டி.கே. பிரெஸ்டீஜ் நிறுவனம். அதன் குக்கர்கள் சில வெடிப்பதாகச் செய்தி வந்தபோது, நிறுவனத்தை நடத்திய டி.டி. ஜகந்நாதன் காரணத்தை ஆராய்ந்தார். குக்கரில் எடைக்கு அடுத்த காவலாக மூடியில் ஒரு சிறு செருகி உண்டு. ஆவித்துளை பருப்புத் தோலால் அடைபட்டாலோ, நீர் வற்றிக் கலன் மிகையாகச் சூடேறினாலோ அதன் நடுவிலுள்ள தாழ்ந்த உருகுநிலைக் கலவை உருகி வழிவிடும். ஒருமுறை உருகிவிட்டால் புதிது வாங்கிப் பொருத்த வேண்டும். கடைகளில் விற்ற போலிச் செருகிகளோ உருகவேண்டிய நேரத்தில் உருகவில்லை. ஜகந்நாதன் ஐ.ஐ.டி. சென்னையிலும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர். போலிகளை ஒழிப்பது தம் கையில் இல்லை என்பதை அவர் உணர்ந்தார். எனவே மூன்றாம் காவலை, உதிரியாக விற்கப்படாத மூடியிலேயே வைத்தார். மூடியின் விளிம்பில் ஒரு நீள்திறப்பு வெட்டப்பட்டது. எடையும் செருகியும் ஒருங்கே தவறினால், உள்ளிருக்கும் ரப்பர் வளையம் அத்திறப்பின் வழியே பிதுங்கி, ஆவியைக் கீழ்நோக்கி வெளியேற்றும். வளையம் கெடும், சமையல் கெடும், அடுப்படி அழுக்காகும், மூடி பறக்காது. எது கெடலாம் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துவைத்த இவ்வமைப்பை, நம் நாட்களின் சிறந்த வடிவமைப்புகளுள் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

இனி மொழிக்கு வருவோம். குக்கரின் எடையை நாம் 'விசில்' என்கிறோம். 'மூன்று விசில்' என்பது நம் சமையலறைகளில் கால அளவையாகவே ஆகிவிட்டது. அப்பெயர் அதன் ஓசையைச் சொல்கிறது, தொழிலைச் சொல்லவில்லை. ஓசை வராவிடில் 'இன்னும் வேகவில்லை' என்று காத்திருக்கிறோமே தவிர, 'வழி அடைபட்டிருக்குமோ' என்று ஐயுற்று அடுப்பை அணைப்பதில்லை. காவற்கருவியை ஊதுகுழலாக்கிய பெயர் அது.

கலைச்சொற்களும் இவ்விடத்தில் முழுமையாகத் துணைசெய்வதில்லை. வால்வு என்பதற்கு 'ஓரதர்' என்றொரு நல்ல ஆக்கம் உண்டு. அதர் என்பது வழியைக் குறிக்கும் பழஞ்சொல். ஒருவழியாக மட்டும் விடுவது ஓரதர். மலாய்மொழியின் 'இன்ஜாப்' இதற்கு வியப்பூட்டும் உறவுடையது. பூபு எனப்படும் மீன்பொறியின் வாயில் உள்நோக்கிச் சாய்த்துக் கட்டிய முட்களுக்கு அது பெயர். புகுந்த மீன் திரும்ப இயலாது. ஆங்கிலச் சொல்லின் மூலமான இலத்தீன் 'வால்வா' மடிப்புக் கதவின் ஒரு பலகை. நம் 'அடைப்பிதழ்' அதற்கு நெருங்கியது. ஆக, ஒரு மொழி கதவையும் ஏனைய இரண்டு திசையையும் கண்டன. பாதுகாப்பு வால்வின் உயிர்நிலையோ வரம்பு: குறித்த அளவு வரை மூடியிருப்பதும், அதைக் கடந்தவுடன் திறப்பதும்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாய்வு அன்று என்பதை ஜொகூரின் செம்பனை ஆலைகளில் காணலாம். கூலாய், குளுவாங், கோத்தா திங்கி வட்டாரங்களின் தோட்டப்புறத்தில் வளர்ந்தோர்க்கு அவிகலன் புதிதன்று. குலைகளை ஏற்றிய கூண்டு வண்டிகள் தண்டவாளத்தின் மீது அந்த நீளுருளைக்குள் தள்ளப்படும். ஏறத்தாழ 3 கிலோகிராம் அழுத்த நீராவியில் குலைகள் அவியும். பழங்கள் காம்பிலிருந்து தளரும். எண்ணெயைப் புளிக்கச்செய்யும் நொதிகள் செயலிழக்கும். கலனில் பாதுகாப்பு வால்வு உண்டு. 1967ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, இயந்திரச் சட்டத்தின்கீழும், அது 2024 ஜூனில் நீக்கப்பட்டபின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்கீழும் இத்தகைய கலன்களுக்குத் தகுதிச் சான்றிதழ் கட்டாயம்.

ஆயினும் இங்கே பெரிய ஆபத்து மிகையழுத்தத்தில் மட்டும் இல்லை. எஞ்சிய அழுத்தத்திலும் உண்டு. கதவின் விட்டம் 2 மீட்டர் எனக் கொள்வோம். பரப்பு 31,400 சதுர சென்டிமீட்டர். ஆவியை வெளியேற்றியாயிற்று என்று எண்ணிய பின்னும் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிராம் அழுத்தம் உள்ளே தங்கியிருந்தால், கதவின்மேல் 3 டன்னுக்கும் மேற்பட்ட விசை நிற்கும். பெரிய அழுத்தமானியின் முள் அவ்வளவு சிறு அழுத்தத்தில் ஏறத்தாழச் சுழியத்திலேயே இருக்கும். பாதுகாப்பு வால்வோ தன் வரம்புக்குக் கீழே அழுத்தம் இறங்கியவுடன் மூடிக்கொள்வது. எச்சத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை. ஆகவேதான் கதவின் பூட்டோடு பிணைத்த வேறொரு சிறு வால்வு வைக்கப்படுகிறது. அதைத் திறந்து, ஆவி ஏதும் வரவில்லை என்று கண்டபின்னரே பூட்டு இளகும்.

தொழில் முற்றிலும் வேறான இவ்விரண்டையும் பேச்சுவழக்கு 'வால்வு' என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறது. 'வால்வு வேலை செய்கிறது' என ஒருவர் கூற, எந்த வால்வு என்பதைக் கேட்பவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. 'வால்வு' என்ற சொல்லை நீக்க வேண்டும் என்பார் கட்சியில் நான் இல்லை. அது ஆலையில் வேரூன்றிவிட்டது. அடைமொழியையாவது தொழிலுக்கேற்பத் தருவோம். வரம்பு கடந்ததை வெளியேற்றுவது 'மிகைவிடு வால்வு'; கதவைத் திறக்குமுன் எஞ்சியதை வெளியேற்றுவது 'எச்சம்விடு வால்வு'. தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் அறிவியல் பாடத்தில் குக்கரின் படத்தை வரையும் ஆசிரியர்கள், எடையைச் சுட்டும் கோட்டின் முனையில் 'விசில்' என்று எழுதாமல் 'மிகைவிடு எடை' என்று எழுதலாம். மூடி விளிம்பின் நீள்திறப்பையும் அப்படத்தில் விடாமல் காட்டவேண்டும். பாத்திரம் துலக்கும்போது அதில் ஒட்டியிருக்கும் பருக்கையை அகற்றவேண்டிய பிள்ளைகளுக்கு, அது ஏன் அங்கே இருக்கிறது என்பது தெரிந்திருக்கும்.