அளவுகோல் பிடித்த கைகள் – 9: பேட்ஜ் கொடுத்தார்கள், நாற்காலி கொடுக்கவில்லை

சென்ற வாரம் நோரா ஸ்டாண்டன் பிளாட்சை நீதிமன்ற வாசலில் விட்டுவிட்டு வந்தோம். 1905-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சிவில் பட்டம் வாங்கியவர். அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கம் அவரை இளநிலை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அடுத்த படிக்கு ஏற்றுங்கள் என்று அவர் கேட்டதும் முடியாது என்றது. 1916-இல் வழக்குப் போட்டார், தோற்றார். அதே சங்கம் 2015-இல் அவருக்கு ஃபெல்லோ தகுதி கொடுத்துக் கௌரவித்தது. நோரா இறந்து அப்போது 44 வருடம் ஆகியிருந்தது. மாலை போடப் படம்தான் இருந்தது.

இந்த வாரம் மாணவிகளின் கதை. இதில் வழக்கு, வாய்தா எதுவும் இல்லை. ஒரு பேட்ஜ் இருக்கிறது, ஒரு கட்டுக் கடிதங்கள் இருக்கின்றன.

பேட்ஜிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்கப் பொறியியல் கல்லூரிகளில் 'டௌ பீட்டா பை' என்று ஒரு கௌரவச் சங்கம் உண்டு. 1885-இல் பென்சில்வேனியாவில் உள்ள லீஹை பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தது. மதிப்பெண்ணில் முதல் வரிசையில் நிற்கிறவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள். வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது இந்தப் பெயரை ஒரு வரி சேர்த்தால் போதும், எதிரே உட்கார்ந்திருக்கிற அதிகாரியும் அதே சங்கத்துக்காரராக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். விதிப்படி அது ஆண்களுக்கான சங்கம். சங்கடம் எங்கே வந்தது என்றால், வகுப்பில் இருந்த ஒன்றிரண்டு பெண்கள் அந்த முதல் வரிசைக்கு வந்துகொண்டே இருந்தார்கள். மதிப்பெண்ணை மறைக்க முடியாது. விதியை மாற்றவும் மனசில்லை.

1930-களில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 'மகளிர் பேட்ஜ்'. ஆண் வாங்கியிருந்தால் உறுப்பினராகியிருக்கக்கூடிய அதே மதிப்பெண்ணைப் பெண் வாங்கினால், அவளுக்கு ஒரு சின்னம் குத்தி அனுப்புவார்கள். உறுப்பினர் உரிமை கிடையாது. ஓட்டு கிடையாது. பந்தியில் உட்கார வைக்காமல் வாசலோடு வெற்றிலை பாக்கு கொடுத்து அனுப்புகிற மாதிரி. முப்பது வருடத்துக்கு மேல் இது நடந்தது. 1969-இல்தான் பெண்களை உறுப்பினர்களாகச் சேர்த்தார்கள்.

கொடுத்தவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். பாராட்ட வேண்டும் என்று நிஜமாகவே நினைத்திருப்பார்கள். பாராட்டுவது செலவில்லாத காரியம். பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வதற்குத்தான் செலவு ஆகும்.

இதை எழுதும்போது என் சொந்தக் கதை குறுக்கே வருகிறது. நான் படித்த கல்லூரியில் டிபார்ட்மெண்ட் அசோசியேஷனில் பெண்களுக்கென்றே ஒரு பதவி வைத்திருந்தார்கள்: இணைச் செயலாளர். செயலாளர் ஃபைனல் இயர் பையன், பொருளாளர் இன்னொரு பையன். இணைச் செயலாளருக்கு என்ன வேலை? சிம்போசியம் அன்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்பது. சிறப்பு விருந்தினர் குத்துவிளக்கு ஏற்றும்போது மெழுகுவர்த்தியை நீட்டுவது. கடைசியில், எல்லோரும் சாப்பாட்டுக்கு எழுந்த பிறகு, நன்றியுரை. இரண்டு வருடம் அந்தப் பதவியில் இருந்தேன். அந்தச் சங்கத்தின் பேங்க் பாஸ்புக் என்ன நிறம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போகும்போது ஷீல்டு கொடுத்தார்கள். பெயரில் எழுத்துப்பிழையோடு.

இனி கடிதக் கட்டு. 1919, கொலராடோ பல்கலைக்கழகம். லூ ஆல்ட்டா மெல்ட்டன் சிவில் படித்துக்கொண்டிருந்தார், ஹில்டா கவுண்ட்ஸ் எலெக்ட்ரிக்கல். இந்த நாட்டில் நம்மைப் போல இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று இருவருக்கும் ஒரு கேள்வி வந்தது. அதனால் ஒவ்வொரு பொறியியல் கல்லூரிக்கும் எழுதிக் கேட்டார்கள்: உங்களிடம் பெண்கள் படிக்கிறார்களா, படித்து முடித்துப் போயிருக்கிறார்களா, பெயர் தர முடியுமா? பதில்கள் வந்தன. சில கல்லூரிகள் பெயர்கள் தந்தன. சில கல்லூரிகள், இப்போதும் இல்லை, முன்பும் இல்லை, இனிமேல் வருவார்கள் என்ற எதிர்பார்ப்பும் இல்லை என்று எழுதின. கேட்டது ஒரு கேள்வி, வந்தது மூன்று காலத்துக்குமான பதில்.

கிடைத்த பெயர்களை வைத்து 'அமெரிக்கப் பெண் பொறியாளர், கட்டடக் கலைஞர் சங்கம்' என்று ஒன்றைத் தொடங்கப் பார்த்தார்கள். அதே 1919 ஜூன் 23 அன்று லண்டனில் மகளிர் பொறியியல் சங்கம் பிறந்திருந்தது. அது இன்றுவரை இருக்கிறது. கொலராடோ முயற்சி சில ஆண்டுகளில் அடங்கிவிட்டது. லண்டன் சங்கத்துக்குப் பின்னால் பார்சன்ஸ் குடும்பத்துத் தாயும் மகளும் இருந்தார்கள். நீராவி டர்பைன் கண்டுபிடித்த சார்லஸ் பார்சன்ஸின் மனைவியும் மகளும்தான். பணம் இருந்தது, செல்வாக்கு இருந்தது, முழுநேரமாக வேலை பார்க்க கரோலின் ஹாஸ்லெட் என்ற செயலாளர் இருந்தார். இந்தப் பக்கம் இருந்தவர்கள் மாணவிகள். மாணவர் சங்கத்துக்கு என்றைக்கும் உள்ள வியாதி அவர்களுக்கும் இருந்தது: தலைவி பட்டம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவாள். கையில் இருந்த முகவரிப் பட்டியல் யாரிடம் போனது என்று தெரியாது.

ஆனாலும் அந்தக் கடிதங்களை யாரோ தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள். டெட்ராயிட்டில், வெயின் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ரூதர் நூலகத்தில், பின்னால் வந்த சங்கத்தின் ஆவணங்களோடு அவை இருக்கின்றன. இந்தத் தொடரில் பாதி, யாரோ தூக்கிப் போடாமல் வைத்த காகிதங்களால்தான் நடக்கிறது.

பின்னால் வந்த சங்கம் என்றேன். அதையும் மாணவிகள்தான் ஆரம்பித்து வைத்தார்கள். இரண்டாம் உலகப்போரின்போது ஆட்கள் போதாமல் பெண்களை டிராயிங் போர்டுக்கு அழைத்த நிறுவனங்கள், போர் முடிந்து ஆண்கள் திரும்பியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. பிலடெல்பியாவின் டிரெக்ஸல் கல்லூரியில் விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவிகள் தங்களுக்குள் ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். 1949 ஏப்ரலில் மற்ற கல்லூரி மாணவிகளையும் அழைத்து ஒரு மாநாடு கூட்டினார்கள். எழுபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். தன் வகுப்பில் தனி ஒருத்தியாக உட்கார்ந்திருந்தவள், தன்னைப் போல எழுபது பேரை ஒரே கூடத்தில் பார்த்தால் எப்படி இருந்திருக்கும்? அந்தக் காட்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஒரு வருடம் கழித்து, 1950 மே 27, 28 தேதிகளில், நியூ ஜெர்சியில் கூப்பர் யூனியன் கல்லூரிக்குச் சொந்தமான கிரீன் பொறியியல் முகாமில் வேலையில் இருந்த பெண்களும் மாணவிகளும் கூடினார்கள். பெண் பொறியாளர் சங்கம் உருவானது. அமெரிக்காவில் அதன் பெயரை 'ஸ்வீ' என்று சுருக்கிச் சொல்வார்கள். முதல் தலைவர் பியாட்ரிஸ் ஹிக்ஸ், வயது 31. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் முதல் பெண் பொறியாளர். பிறகு அப்பா நடத்திய நிறுவனத்தில் சேர்ந்து, வாயுவின் அடர்த்தியைக் கவனித்து இயங்கும் சுவிட்ச் ஒன்றை வடிவமைத்தவர்.

இந்தப் பெண்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம், உறுப்பினர் தகுதியைக் கறாராக வைத்தது. ஆர்வமுள்ள எல்லோரும் வாருங்கள் என்று கதவைத் திறந்துவிட்டிருந்தால், 'டீ குடிக்கிற லேடீஸ் கிளப்' என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார்கள். பட்டமோ, அதற்கு ஈடான அனுபவமோ வேண்டும் என்றார்கள். அப்புறம், தங்கள் விருதைத் தாங்களே கொடுக்க ஆரம்பித்தார்கள். 1952-இல் முதல் சாதனை விருது மரியா டெல்கெஸுக்கு. ஹங்கேரியிலிருந்து வந்தவர், உப்பில் வெயிலின் சூட்டைச் சேமித்து வைத்து மாசச்சூசெட்ஸ் குளிரில் ஒரு வீட்டைச் சூடாக்கிக் காட்டியவர். 1958-இல் தொழிற்பொறியியல் முன்னோடி லில்லியன் கில்பிரத் பெயரில் மாணவிகளுக்கு உதவித்தொகை. 1964-இல் சாதனை விருது கணினி முன்னோடி கிரேஸ் ஹாப்பருக்கு. வேறு யாரோ குத்திவிடும் பேட்ஜுக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் தீர்ந்தது.

கல்லூரிகளில் மாணவியர் பிரிவுகள் ஒவ்வொன்றாக முளைத்தன. அவற்றின் வேலையைப் பார்த்தால் ஆரம்பத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. புதிதாகச் சேர்ந்தவளுக்கு ஒரு அக்கா ஏற்பாடு செய்வது, பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்து வந்து லேப் காட்டுவது. 1970-களில் நிலைமை மாறியது. அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பொறியியல் பட்டம் வாங்கியவர்களில் நூற்றுக்கு ஒருத்திகூடப் பெண் இல்லை. பாகுபாட்டுக்கு எதிரான சட்டங்கள் வந்ததும் கம்பெனிகள் பெண் பொறியாளர்களைத் தேட ஆரம்பித்தன. எங்கே தேடுவது? பர்டூ பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் மாணவிகள் தங்கள் விவரங்களையெல்லாம் ஒரே புத்தகமாகத் தொகுத்துக் கம்பெனிகளுக்குக் கொடுத்தார்கள். அமைப்பாளர்கள் என்ற முறையில் கம்பெனிக்காரர்களை அழைத்து வந்து மேஜை போட்டு உட்கார வைத்தார்கள். இருபது வயதுப் பெண் ஒருத்தி ஒரு பெரிய நிறுவனத்துக்குப் போன் செய்து, ஸ்டாலுக்கு இவ்வளவு கட்டணம் என்று கூசாமல் சொல்லப் பழகினாள். தெர்மோடைனமிக்ஸ் பேராசிரியர் இதைச் சொல்லித் தரமாட்டார்.

இன்று அந்தச் சங்கம் வளர்ந்து மரமாகிவிட்டது. ஆண்களும் 1976 முதல் சேரலாம். இந்தியாவிலும் கிளைகள் உண்டு. மாணவிகளுக்குத் தலைமைப் பயிற்சி வகுப்புகள், சிறந்த மாணவ உறுப்பினர் விருது, சிறந்த பிரிவுக்கு விருது, உதவித்தொகைகள் என்று பெரிய பட்டியலே இருக்கிறது. பட்டியலை இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். இந்த மாதிரி விருதுகள் தானாகத் தேடி வருவதில்லை. யாராவது பரிந்துரைக்க வேண்டும், என்ன செய்தாய் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், குறித்த தேதிக்குள் அனுப்ப வேண்டும்.

இந்த இடத்தில்தான் நம் பெண்கள் தடுக்கி விழுகிறார்கள். நான் பல மாணவிகளின் விண்ணப்பங்களைப் படித்துத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். "நிகழ்ச்சியை நடத்த உதவினேன்" என்று எழுதியிருப்பாள். விசாரித்தால் மண்டபம் பிடித்தது அவள், ஸ்பான்சரிடம் நடையாக நடந்தது அவள், பேச்சாளர் கடைசி நேரத்தில் வரவில்லை என்றதும் வேறு ஆள் பிடித்தது அவள். ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டால், "நானேன்னு எழுதினா திமிரா இருக்கும் மேடம்" என்பாள். பையன்களின் விண்ணப்பத்தில் "உதவினேன்" என்ற சொல்லைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இணைச் செயலாளர் பதவியின் விளைச்சல் இது. பணம் கையில் வராதவளுக்குக் கணக்குக் காட்டத் தெரியாது. கணக்குக் காட்டத் தெரியாதவளுக்குத் தன் வேலையின் கணக்கையும் எழுதத் தெரியாது.

கடைசியாக நம்மூர்க்காரர் ஒருவர். அ.லலிதா, சென்னைக்காரர். கணவர் இறந்தபோது லலிதாவுக்கு வயது 18, கைக்குழந்தைக்கு நாலு மாதம். கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த அப்பா பப்பு சுப்பாராவ், முதல்வர் கே.சி.சாக்கோவிடம் பேசி மகளை எலெக்ட்ரிக்கலில் சேர்த்தார். ஹாஸ்டலில் அவர் தனியாக இருந்தார். அடுத்த வருடம் லீலம்மா ஜார்ஜும் பி.கே.திரேசியாவும் சிவிலில் சேர்ந்த பிறகுதான் பேச்சுத்துணை கிடைத்தது. பட்டச் சான்றிதழில் 'அவன்' என்று அச்சாகியிருந்ததை அடித்துவிட்டு 'அவள்' என்று எழுதிக் கொடுத்தார்கள். திரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். லலிதா கல்கத்தாவில் ஏ.இ.ஐ. நிறுவனத்தில் சேர்ந்து பக்ரா நங்கல் அணையின் ஜெனரேட்டர் வேலைகளில் பங்கெடுத்தார்.

1964 ஜூனில் ஸ்வீ சங்கம் நியூயார்க்கில் பெண் பொறியாளர், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாட்டைக் கூட்டியது. லலிதா போனார். இந்தியப் பெண் பொறியாளர்களுக்கென்று அப்போது ஒரு சங்கம் கிடையாது. அதனால் பிரதிநிதி என்ற பட்டம் இல்லாமல், தனி ஆளாகப் போனார். மறு வருடம் லண்டன் மகளிர் பொறியியல் சங்கம், ஆம், 1919-இல் பிறந்த அதே சங்கம்தான், அவரை முழு உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. 1967-இல் அடுத்த மாநாடு கேம்பிரிட்ஜில் நடந்தபோது, தன்னோடு இன்னும் சில இந்தியப் பெண்களையும் அழைத்துவர அவர் முயற்சி எடுத்தார்.

கல்லூரிகளில் அசோசியேஷனுக்குப் பெயர் கொடுக்கிற சமயம் இது. இதைப் படிக்கிற தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள்: நன்றியுரையை வேறு யாராவது சொல்லட்டும். நீங்கள் பொருளாளருக்கு நில்லுங்கள். ஜெயித்தால் முதல் நாளே பாஸ்புக்கை வாங்கிப் பாருங்கள். என்ன நிறம் என்று எனக்கும் எழுதுங்கள்.

(தொடரும்)