உங்களுக்குத் தெரியுமா? சொல்லோடு சேரும் சொல்

தமிழ் வளர்த்தற்பொருட்டு 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவிய பொ. பாண்டித்துரைத் தேவர் ஜமீன்தாராக வீற்றிருந்த ஊர் பாலவனத்தம். இன்று அவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலப் பாடத்தில் பயிலும் சொற்சேர்க்கை என்னும் விஷயம், அச்சங்கத்தார் போற்றிய தொல்காப்பியத்திலேயே, சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில், விதியாக அமைந்திருக்கிறது. யாழை மீட்டுவர், குழலை ஊதுவர். இரண்டையும் ஒருங்கே கூறுமிடத்து, ஒன்றற்கே உரிய வினையைத் தராமல், 'யாழும் குழலும் இயம்பினார்' எனப் பொதுவினையால் முடிக்க வேண்டும் என்பது உரையாசிரியர் காட்டும் உதாரணம். ஆங்கிலத்திலோ யாழ், குழல், பந்து யாவற்றிற்கும் 'ப்ளே' ஒன்றே போதும்!

ஆனால் அம்மொழியின் பிடிவாதம் வேறிடத்தில். காற்றுக்கும் தேநீருக்கும் 'ஸ்ட்ராங்' என்பவர், மழைக்கு மட்டும் 'ஹெவி' என்பர். தீர்மானத்தை 'மேக்' செய்பவர், வீட்டுப்பாடத்தை 'டூ' செய்வர். 'வீ ஹேட் ஹெவி ரெயின் லாஸ்ட் நைட்' என்பது பிழையற்ற வாக்கியம். பாலவனத்தம் பக்கத்து அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசல் வாசிகளுக்கு அதைப் பிரயோகிக்கும் பாக்கியம் அடிக்கடி வாய்ப்பதில்லை என்பது வேறு சங்கதி.

இத்தகைய சேர்க்கைகளை அந்நிய மாணாக்கருக்காகத் திரட்டி ஆங்கில மொழியறிஞர் ஹெரால்ட் பால்மர் 1933-இல் அறிக்கை வெளியிட்டது லண்டனில் அன்று, டோக்கியோவில். அவருடன் உழைத்த ஹார்ன்பியும் இரு சகாக்களும் தொகுத்த அகராதி 1942-இல் அந்நகரிலேயே அச்சாகி, 1948-இல் ஆக்ஸ்போர்டு பதிப்பாக வெளிவந்தது.