தீர்க்கதரிசிகள் எப்போது பேசினார்கள்?

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த சமயம். அம்பத்தூரில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டு, அடையாற்றங்கரை வீடுகள் முழுகிப்போயிருந்தன. பேச வந்தவர், "இது சென்னைக்கு வந்த நியாயத்தீர்ப்பு" என்றார். என் பக்கத்தில் இருந்த அக்காவோட தங்கச்சி குடும்பம் ஜாபர்கான்பேட்டையில் எல்லாத்தையும் இழந்திருந்தது. அவங்க தலையை நிமிர்த்தவே இல்லை. எபிரேயத் தீர்க்கதரிசிகள் நிஜமாவே இப்படித்தான் பேசினார்களா என்று அன்றிலிருந்து தேட ஆரம்பித்தேன்.

முதலில் யோனா. இன்னும் 40 நாளில் நினிவே கவிழ்க்கப்படும் என்கிறார். மூலத்தில் அந்த வினைச்சொல் 'ஹாபக்'. சோதோம் அழிந்ததைச் சொல்லும்போதும் அதே சொல்தான். ஆனால் 'மாறுதல்' என்ற பொருளும் அதற்கு உண்டு. ஓசியா 11-ல் கடவுளின் இதயமே உள்ளுக்குள் புரள்வதற்கும் அதுதான் வருகிறது. நினிவே மனம் மாறியது, அழிவு நின்றது. கோபம் வந்தது யோனாவுக்கு மட்டும்!

எரேமியா 26 இன்னும் முக்கியம். ஆலயம் பாழாகும் என்று சொன்னதற்காக எரேமியாவைக் கொல்லப் பார்க்கிறார்கள். மூப்பர்கள் சிலர் எழுந்து, எசேக்கியா ராஜா காலத்தில் மீகாவும் இதையேதான் சொன்னார், ராஜா பயந்து கெஞ்சினார், தீங்கு வரவில்லை என்று நினைவுபடுத்துகிறார்கள். மீகா சொன்னது பலிக்கலையே என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பலிக்காமல் போகணும் என்பதற்காகச் சொன்ன சொல் அது.

எரேமியாவின் பேச்சு எடுபடவில்லை. சுமார் கி.மு. 586-ல் பாபிலோன் படை எருசலேமை எரித்தது. அதற்குப் பிறகு வந்த புலம்பல் நூலிலும் பாவம், தண்டனை என்ற பேச்சு உண்டுதான். மறுக்க முடியாது. ஆனால் அதைச் சொல்வது இடிபாட்டுக்குள் உட்கார்ந்து அழுகிறவர்கள். வெளியே நின்று விரல் நீட்டுகிறவர்கள் இல்லை.

ஆமோஸ் விரல் நீட்டினார், யாரை நோக்கி? படியைச் சுருக்கி, கள்ளத் தராசு வைத்துத் தானியம் விற்றவர்களை. இன்றைக்கு ஆவடி, பூந்தமல்லி பக்கம் வந்தால் குடிசையைப் பார்த்துக் கத்தமாட்டார், ஏரிக்குள் மனை போட்டு விற்றவன் யார் என்று விசாரிப்பார் என்பது என் ஊகம்.

இதையெல்லாம் பிறகு அந்த அக்காவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முன்னாடியே வந்து சொல்றவங்கதான் தீர்க்கதரிசின்னா, ஏரியைத் திறந்த அன்னைக்கு எங்க தங்கச்சி தெருவுக்கு ஒருத்தரும் வரலையே தம்பி" என்றார்.