பாஸ்புக்கில் இருக்கும் பெயர்

பெரியப்பா காலமாகிப் பல வருடங்கள் கழித்து, வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது, டிரங்குப் பெட்டியின் அடியில் ஓர் எஃப்.டி. ரசீது கிடைத்தது. மேலே ‘பேங்க் ஆஃப் மதுரா’ என்று அச்சடித்திருந்தது. “அந்த பேங்கே இப்ப இல்லையேப்பா, இதை வச்சு என்ன செய்ய?” என்று பெரியம்மா அதை மடித்து மறுபடி பெட்டியில் போடப் போனார்.

பேங்க் ஆஃப் மதுரா 2001-இல் ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்தது. பெயர்ப்பலகை மாறினாலும், மக்கள் போட்ட பணத்துக்குப் பொறுப்பு இணைத்துக்கொண்ட வங்கிக்கு வந்துவிடும். பேங்க் ஆஃப் தஞ்சாவூர் 1990-இல் இந்தியன் வங்கிக்குள் போனது. பேங்க் ஆஃப் தமிழ்நாடும் அதே ஆண்டில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்குள் போனது. கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியானது. சிண்டிகேட் வங்கிக்குக் கனரா, ஆந்திரா வங்கிக்கும் கார்ப்பரேஷன் வங்கிக்கும் யூனியன் வங்கி, ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூருக்கு எஸ்பிஐ. பழைய பாஸ்புக் கையில் இருந்தால், அந்த வங்கி இன்று எந்தப் பெயரில் இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பணத்தைத் தேடும் இணையதளத்தில் இன்றைய பெயரைத்தான் கொடுக்க வேண்டும்.

சேமிப்புக் கணக்கில் இரண்டு வருடம் நீங்களாகப் பணம் போடாமல், எடுக்காமல் இருந்தால் வங்கி அதைச் செயல்படாத கணக்கு என்று ஒதுக்கும். அந்தக் கணக்கில் மினிமம் பேலன்ஸ் இல்லையென்று அபராதம் பிடிக்கவோ, கணக்கை உயிர்ப்பிக்கக் கட்டணம் கேட்கவோ கூடாது என்பது 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. பத்து வருடம் யாரும் தொடாமலும் கேட்காமலும் கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியில் உள்ள ‘டெபாசிட்டர் கல்வி, விழிப்புணர்வு நிதி’க்குப் போய்விடும். 2014-இல் தொடங்கிய இந்த நிதியில் 2024 மார்ச் இறுதியில் இருந்த தொகை 78,213 கோடி ரூபாய்.

இதைக் கேட்டதும் “அரசாங்கம் எடுத்துக்கிச்சு” என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். உரிமை உங்களிடமே இருக்கிறது, அதற்குக் காலக்கெடுவும் கிடையாது. கேட்டுப் போகிறவருக்கு வங்கி பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு நிதியிலிருந்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். வட்டி தரும் கணக்காக இருந்தால், நிதிக்குப் போன காலத்துக்கும் வட்டி உண்டு. 2021 மே 11 முதல் அது ஆண்டுக்கு 3 சதவீதத் தனிவட்டி. பெரிய லாபம் என்று சொல்ல முடியாதுதான்.

தேடுவதற்கு ‘உத்கம்’ என்ற தளத்தை ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் திறந்தது. 2024 மார்ச்சில் முப்பது வங்கிகள் அதில் சேர்ந்திருந்தன. நிதியில் உள்ள தொகையில் சுமார் 90 சதவீதம் அவற்றுக்குள் அடங்கிவிடும். உங்கள் செல்போன் எண்ணில் பதிவு செய்து, கணக்குக்காரர் பெயரையும் வங்கியையும் கொடுத்து, பான், வாக்காளர் அட்டை, டிரைவிங் லைசன்ஸ், பாஸ்போர்ட், பிறந்த தேதி ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்துத் தேடலாம். ஒன்றுமே இல்லையென்றால் முகவரி. பழைய கணக்குகளில் பான் எண் இருந்திருக்காது, ஆகவே நம் தாத்தாக்களுக்கு முகவரிதான் கைகொடுக்கும். ஊர்ச் சங்கம், திருப்பணிக் கமிட்டி பெயரில் போட்ட கணக்கைத் தேடவும் தனிப் பிரிவு இருக்கிறது.

பெரும்பாலானவர்கள் தோற்றுத் திரும்புவது பெயரில்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அந்த இனிஷியலை ஒரு கிளார்க் முன்னால் போட்டிருப்பார், இன்னொருவர் பின்னால் போட்டிருப்பார், மூன்றாமவர் அப்பா பெயரை முழுதாக விரித்து எழுதியிருப்பார். சிலர் ஊர்ப் பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்திருப்பார்கள். போதாததற்கு ஆங்கில எழுத்து வேறு. ரங்கசாமிக்கு ‘ஆர்’ போட்டு ‘ஏ’ எழுதலாம், ‘ஈ’ எழுதலாம். முத்துவுக்கு ‘எச்’ உண்டா இல்லையா என்பது எழுதியவர் விருப்பம். பழனியில் உள்ள ‘ழ’வுக்கு எத்தனை வேஷம்! ஆகவே ஒருமுறை தேடி ‘இல்லை’ என்று வந்ததும் எழுந்துவிடாதீர்கள். பெரியப்பாவை ஆதாரில் இருந்தபடி தேடினோம், வரவில்லை. ரசீதில் இருந்தபடி ‘ஏ’ இருந்த இடத்தில் ‘ஈ’ போட்டுத் தேடியபோது, எங்கள் பழைய தெருப் பெயரோடு வந்து நின்றார்.

கண்டுபிடித்தால் ஒரு குறிப்பெண் கிடைக்கும். பணத்தை அந்தத் தளம் தராது. குறிப்பெண்ணோடு வங்கிக்கு ஆதார், பான், போட்டோவுடன் போக வேண்டும். கணக்குக்காரர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழும் வேண்டும். நாமினி இருந்தால் வேலை சுலபம். ஆனால் நாமினி வாங்கிக் கொடுக்கும் கைதான், சொத்துக்காரர் ஆகிவிடமாட்டார். 1984-இல் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியது. மற்ற வாரிசுகளுக்குப் பங்கு உண்டு.

நாமினி இல்லாத இடத்தில்தான் குழப்பம். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் வேறு, நீதிமன்றம் தரும் சக்சஷன் சர்டிபிகேட் வேறு. இரண்டாவதற்கு வக்கீல், கோர்ட் கட்டணம், மாதக்கணக்கில் அலைச்சல். வங்கி எடுத்த எடுப்பிலேயே கோர்ட்டுக்குப் போகச் சொன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். வாரிசுகளுக்குள் தகராறு இல்லாமல், தொகை 15 லட்சம் வரை இருந்தால் (கூட்டுறவு வங்கியில் 5 லட்சம்) கோர்ட் சான்று கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2025 விதி. வாரிசுச் சான்றிதழ் அல்லது குடும்பத்தை அறிந்த வெளியாள் ஒருவரின் உறுதிமொழி, அதோடு பணம் கேட்பவரின் ஈட்டுறுதிப் பத்திரமும் பங்கு கேட்காத மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் போதும். காகிதங்கள் முழுதாகச் சேர்ந்த பதினைந்து நாளில் முடிக்க வேண்டும், தாமதித்தால் வங்கி வட்டியோடு ஈடு தர வேண்டும். மனுவை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றாலும், வந்த பதில் திருப்தியில்லை என்றாலும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448.

வங்கியில் இல்லாத பணம் உத்கமில் வராது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் போட்டதற்குச் சங்கத்துக்கே போக வேண்டும், அஞ்சலகக் கணக்குக்கு அஞ்சலகத்துக்கு. ஏழு வருடம் வாங்காத டிவிடெண்டும் அதன் பங்குகளும் முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும். அதை மீட்கும் படிவம் ஐஇபிஎஃப்-5. இன்சூரன்ஸ் விஷயத்தில் நாள் பார்க்க வேண்டும். பத்து வருடம் கேட்கப்படாத பாலிசிப் பணம் மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போகிறது. அங்கே போய் இருபத்தைந்து வருடத்துக்குள் கேட்காவிட்டால் மத்திய அரசுக்கே சேர்ந்துவிடும்.

இந்தப் பணத்தை மோப்பம் பிடித்து வருகிறவர்களும் உண்டு. “உங்க தாத்தா பேர்ல எட்டு லட்சம் கிடக்கு சார், புராசஸிங் ஃபீ மட்டும் கட்டுங்க” என்று போன் வரும். உத்கமில் தேடக் கட்டணமே கிடையாது. அதன் முகவரி ‘ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன்’ என்று முடியும். ஓடிபியை நீங்களே தளத்தில் பதிவு செய்யும்போது மட்டும் பயன்படுத்துங்கள், போனில் கேட்பவருக்குச் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930 எண்ணை அழையுங்கள்.

பெரியப்பாவின் தொகை பெரிதாக இல்லை. பெரியம்மா அதைத் தன் கணக்கில் போட்டார். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம் என்று கவுன்டரில் சொன்னார்கள். படிவத்தை நிரப்பிய பெண்ணிடம், நான்கு பேர் ஆதாரையும் வரிசையாக வைத்து, “இதுல இருக்கிற மாதிரியே எழுதும்மா, ஓர் எழுத்துகூட மாத்தாத” என்று சொல்லிப் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.